சகலையின் பச்சைக் கோடு

முன்சக்கரத்து நட்டின் மேல் பச்சைக் கோடு இருந்தது. அவன் போட்டது மஞ்சள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஷெட்டில் கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துப்போட்டு, எலக்ட்ரிக் பைக்கின் முன்னால் மண்டியிட்டிருந்தான். தகரக் கூரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சூட்டில் தகரம் விரியும்போது ஆணிகளுக்கு அருகே எழும் சின்னச் சின்ன ஓசைகள், டயர் ரப்பரின் வாசனை, சுவரோரம் சுருண்டு கிடந்த சார்ஜர் ஒயரில் இன்னும் தணியாத வெதுவெதுப்பு, எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தன. கோடு மட்டும்தான் வழக்கமில்லை. நட்டின் விளிம்பில் தொடங்கி, ஆக்ஸிலின் முனையைத் தாண்டி, ஃபோர்க் இரும்பில் முடிந்தது. நடுக்கமில்லாத கை போட்ட கோடு. ஓரத்தில், பச்சைக்கு அடியிலிருந்து, அவனுடைய மஞ்சள் நூலளவு எட்டிப் பார்த்தது.

அவன் வேலை பார்க்கும் சர்வீஸ் சென்டரில் இது ஒரு முறை. நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். தேவையான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் கைக்குள் ஒரு க்ளிக் கொடுக்கும். அதன் பிறகு பெயிண்ட் பேனாவால் நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். நட் தளர்ந்தால் கோடு இரண்டு துண்டாக விலகி நிற்கும். நேராக இருந்தால் நட் அசையவில்லை. அடுத்த தடவை ரெஞ்ச் எடுக்கவே தேவையில்லை, கண்ணால் பார்த்தால் போதும். ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் ஒரு நிறம். அவனுக்கு மஞ்சள். பச்சை அவனுடைய சகலைக்கு, மனைவியின் அக்கா புருஷனுக்கு.

சகலை செத்து ஐந்து மாதம் ஆகிறது.

விரலால் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. இந்த வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போய் மூன்று மாதம். போன மாதச் சோதனையை இதே ஷெட்டில், இதே அட்டை மேல் உட்கார்ந்து, அவன்தான் செய்தான்.

"என்னங்க, முடிஞ்சுதா?" மனைவி டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றாள்.

"இல்ல."

"மாமாவா இருந்தா இந்நேரம் குளிச்சுட்டு பேப்பர் படிச்சிட்டிருப்பாரு."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னாள். அதுதான் அவனுக்கு எரிந்தது.

அவன் பதினாறு வருஷமாக மெக்கானிக். ஆனால் அவன் வீட்டில் மிக்ஸி நின்றுவிட்டால், "மாமா வரட்டும்" என்று துணி போட்டு மூடி வைப்பாள். கதவுத் தாழ்ப்பாள் இறுகினால் மாமா வரட்டும். ஃபேன் ஆடினால் மாமா வரட்டும். சகலை மாதத்தில் ஒரு ஞாயிறு வருவான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வீடு முழுக்க ஒரு சுற்று வருவான். அவன் போன பிறகு எல்லாம் ஓசையில்லாமல் ஓடும். கை கழுவ ஆரஞ்சுத் தோல் வாசனை வரும் பசை ஒன்றைக் கூடவே கொண்டு வருவான். அந்த வாசனை சாயங்காலம் வரை சமையலறையில் நிற்கும். "ஏங்க, நீங்களும் இதையே வாங்குங்களேன். உங்க கைல எப்பவும் ஆயில் நாத்தம்," என்பாள்.

சகலையை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவன்தான். எதிலும் நிலைக்காத ஆள் என்று மாமனார் கெஞ்சியதால் சூப்பர்வைசரிடம் பேசினான். மூன்றாவது வருஷம் சகலை தலைமை டெக்னீஷியன். நான்காவது வருஷம் கம்பெனி சிறந்த டெக்னீஷியனுக்கு ஒரு எலக்ட்ரிக் பைக் கொடுத்தது. மேடையில் சாவியை வாங்கும்போது சகலை மைக்கைப் பிடித்து, "இது எங்க சகலைக்குச் சேர வேண்டியது," என்றான். கூட்டம் கை தட்டியது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வண்டி கிடைக்காததைக் கூட அவன் பொறுத்திருப்பான். அந்தப் பெருந்தன்மையைப் பொறுக்க முடியவில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் முதல் சர்வீஸ். சகலை வண்டியை அவனிடம்தான் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நீங்களே பண்ணிக்க வேண்டியதுதான? தலைமையாச்சே," என்றான் அவன்.

"தன் வண்டிய தானே செக் பண்ணக் கூடாது சகலை. கண்ணு பாசத்துல மன்னிச்சு விட்டுடும். நீங்கன்னா எனக்கு நிம்மதி."

"சட்ட பட்டனையே டார்க் வெச்சுப் போடற ஆளு, அடுத்தவன நம்புறாராம்!" என்று பக்கத்து ரேம்ப்பிலிருந்து யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சகலைதான் அதிகம் சிரித்தான்.

முன்சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைத் துடைத்து, பேரிங்கைச் சுழற்றிப் பார்த்து, சக்கரத்தைத் திரும்ப மாட்டினான். நட்டைக் கை விரலால் திருகினான். பிறகு கோடு போட்டான். வேலை நெரிசலான நாட்களில் அங்கே எல்லோரும் செய்யும் திருட்டு வேலை அது: பேனா கையில் இருக்கும்போதே கோடுகளைப் போட்டு முடித்துவிட்டு, ரெஞ்ச்சைப் பிறகு எடுப்பது. அவனும் எடுத்தான். கண்ணாடி அறையில் சகலை சூப்பர்வைசரின் தோளைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவன் ரெஞ்ச்சைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவப் போனான்.

மறந்துவிட்டேன் என்று பிற்பாடு தனக்குத் தானே பலமுறை சொல்லிப் பார்த்தான். மறக்கவில்லை.

ஒன்பதாம் நாள், மேம்பாலத்தின் இறக்கத்தில், முன்சக்கரம் வண்டியை விட்டுத் தனியாக ஓடியது. விசாரணையில், டெலிவரியின்போது எடுத்த போட்டோவைச் சூப்பர்வைசர் பெரிதாக்கிக் காட்டினார். மஞ்சள் கோடு மயிரிழை விலகாமல் நின்றது. "கோடு நேரா இருக்கு. ரோட்டுல எதுலயோ அடிபட்டு நட் தெறிச்சிருக்கும்." அவ்வளவுதான். புது ஃபோர்க் மாட்டி வண்டி வந்ததும், மனைவியின் அக்கா அவனைக் கூப்பிட்டு விட்டாள். "வெளி ஆளுக்குக் குடுக்க மனசு வரல. நீங்க வெச்சுக்குங்க. உங்களத்தான் அவரு நம்புவாரு." சாவியை வாங்கிக்கொண்டு அந்தப் பைக்கை ஓட்டி வந்த சாயங்காலம் அவனுக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் தீர்ந்த பிறகுதான் மாதாமாதம் சோதிக்கிற பழக்கம் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும் என்று கையேடு சொல்கிறது. அவன் மாதம் தவறுவதில்லை.

பச்சையைப் பிளேடால் சுரண்டி எடுத்தான். ரெஞ்ச்சை நட்டில் மாட்டி லேசாக அழுத்தினான். உடனே க்ளிக். சரியான இறுக்கம். பின்சக்கரம், பிரேக் காலிப்பர், ஹேண்டில் பார், மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகள் என்று ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துப் பார்த்தான். பதினோரு இடம். பதினொன்றும் பச்சை. எதிலும் பிசகு இல்லை. அவன் முடுக்கியதைவிட ஒழுங்கு. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மஞ்சள் போட்டான். கை அவ்வளவு நேராக வரவில்லை. டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

மறுநாள் காலை பதினொன்றும் பச்சை.

அந்த வாரம் குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றது. வருஷக்கணக்காகச் சொட்டிய குழாய். அந்தச் சொட்டுச் சத்தத்துக்குப் பழகிய காது, அது இல்லாத மௌனத்தில் ஏதோ குறைகிறது என்று தேடியது.

"குழாய சரி பண்ணிட்டீங்களா? பரவால்லியே!" என்றாள் மனைவி.

அவன் எதுவும் செய்யவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நாள் கழித்து அவனைப் பார்த்துச் சிரித்த முகம்.

"ம்," என்றான்.

அவள் போன பிறகு குனிந்து பார்த்தான். குழாயும் சுவரும் சேரும் நட்டின் மேல், ஈரச் சுவரின் பாசிக்கு நடுவே, சுத்தமான பச்சைக் கோடு.

அதன் பிறகு அது நிற்கவில்லை. சமையலறைக் கதவின் கீல் கத்துவதை நிறுத்தியது. ஃபேன் ஆடாமல் சுற்றியது. கேஸ் ரெகுலேட்டர், அலமாரிக் கைப்பிடி, கட்டிலின் நான்கு மூலை போல்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராட்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் "ம்" என்றான். பரிமாறும்போது அவள் கை அவன் தோளில் பட்டு நின்றது. "இப்பதாங்க மாமா மாதிரி வேல செய்யறீங்க," என்றாள் ஒரு நாள். செத்தவனின் வேலைக்குக் கிடைத்த கூலியை அவன் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? இது நான் இல்லை என்றால், அப்புறம் யார் என்பாள். யார் என்று சொன்னால், ஏன் வருகிறார் என்பாள்.

பயம் இருந்தது. வேலை முடிந்து வந்து ஷெட் கதவைத் திறக்கும் ஒவ்வொரு சாயங்காலமும், ஆளில்லாத அந்த இடத்தில் ஆரஞ்சுத் தோல் வாசனை புதிதாக நின்றது. வண்டியின் அடியில் கிடந்த அட்டையில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு முழங்கால்களின் பள்ளம், அவனுடையதைவிட அகலமாக, இன்னும் நிமிராமல். கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஷெட்டிலிருந்து ரெஞ்ச்சின் க்ளிக் கேட்கும். ஒன்று. பொறுமையான இடைவெளி. இன்னொன்று. மனைவி நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அவளுக்குக் கேட்கவில்லையா, பழகிவிட்டதா? கேட்கப் பயமாக இருந்தது.

ஆனால் பயத்தைவிடப் பெரியதாக இன்னொன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. செத்த பிறகும் அவன்தான் கெட்டிக்காரன்.

"மூக்குக் கண்ணாடி இப்ப நழுவவே இல்லீங்க," என்றாள் ஒரு சாயங்காலம், காய் நறுக்கிக்கொண்டே. "எப்ப முடுக்கினீங்க? மத்தியானம் நான் படுத்திருந்தப்பவா?"

அவன் மத்தியானம் வேலையில் இருந்தான்.

"நெத்தில கை பட்டுது. குளுகுளுன்னு. எழுப்பியிருக்கலாம்ல?"

"குடு," என்று கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். எறும்புத் தலையளவு திருகாணி இரண்டு. இரண்டின் மேலும் முடி போல மெல்லிய பச்சை.

"என்னங்க? ஏன் இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல. மத்தியானம் கதவத் தாப்பாப் போட்டுக்க."

"போட்டுத்தான் படுக்கறேன்."

இரண்டு நாள் கழித்து அவள் மணிக்கட்டில் பார்த்தான். எலும்பு புடைத்திருக்கும் இடத்தில், கைக்கும் முன்கைக்கும் குறுக்கே ஒரு கோடு.

"உங்க பேனாதான் எங்கயோ பட்டிருக்கு. சோப்புக்குப் போக மாட்டேங்குது."

தின்னர் பாட்டிலை எடுத்து வந்தான். துணியில் நனைத்துத் தேய்த்தான். அவள் முதலில் சிரித்தாள். பிறகு கையை இழுத்தாள். அவன் விடவில்லை.

"விடுங்க! எரியுது! விடுங்கன்னு சொல்றேன்ல?"

தோல் சிவந்து கன்றியது. பச்சை போகவில்லை. அவள் கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"ரொம்ப நாளா இருந்த கை வலி போயி ரெண்டு நாளாச்சு. பாத்திரம் தூக்கினாக்கூட வலிக்கல. நல்லாத்தான இருக்கு? உங்களுக்கு என்ன கோவம்?"

நல்லாத்தான் இருக்கு. அதுதான் கோபம்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் கண்ணாடி முன் உட்கார்ந்து கொண்டை போட்டாள். முடியை மேலே தூக்கினாள். பின்னால் நின்றவனுக்கு அவள் கழுத்து தெரிந்தது. முடி முளைக்கும் எல்லையில் தொடங்கி, கழுத்து எலும்பின் மேட்டைக் கடந்து, முதுகில் இறங்கும் ஒரு கோடு.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். தொழில் தெரிந்த மூளை வேண்டாத கணக்கையெல்லாம் போட்டது. அந்த இடத்தில் கோடு போட முடியை ஒதுக்க வேண்டும். அதற்கு ஒரு கை. கழுத்து அசையாமல் பிடிக்க வேண்டும். மூச்சு படும் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டிருந்தால் கோடு நடுங்கியிருக்கும். நடுங்கவில்லை. நேரம் எடுத்துக்கொண்டு, ரசித்துப் போட்ட கோடு.

அவள் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். "என்ன?"

"நல்லாத் தூங்குறியா இப்பல்லாம்?"

"ம். ரொம்ப நல்லா." ஹேர்பின்னைப் பல்லிலிருந்து எடுத்துச் செருகினாள். கன்னத்தில் லேசாகச் சிவப்பு ஏறியது. "ஏன் கேக்கறீங்க?"

ஞாயிறு காலை ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"சகலை," என்றான். குரல் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. "வண்டி உங்களுது. ஒத்துக்கறேன். வேணும்னா எடுத்துட்டுப் போங்க. இது என் வீடு."

தகரத்தில் ஒரு ஆணி சத்தமிட்டது.

"அவ என் பொண்டாட்டி."

வாசனை மட்டும் கெட்டியானது. மூக்குக்குக் கீழே கையை நீட்டினாற்போல.

அவன் மண்டியிட்டான். பெரிய ஸ்பேனரை எடுத்து, பச்சைக் கோடு போட்ட அந்த முன்சக்கரத்து நட்டைத் தளர்த்தினான். கழற்றவில்லை. விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினான். தின்னரால் கோட்டை முழுக்கத் துடைத்தான். "இப்ப முடுக்குங்க பாப்போம். எத வெச்சு முடுக்கறீங்கன்னு பாக்கறேன்." ரெஞ்ச், ஸ்பேனர், சாக்கெட் செட், பழைய குறடு, சைக்கிள் ஸ்பேனர், இரும்பென்று பெயருள்ள எல்லாவற்றையும் சாக்குப்பையில் போட்டான். ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டான். மனைவி வண்டியைத் தொடுவாள் என்ற கவலை இல்லை. அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அன்று மத்தியானத்துக்கு மேல் அரை நாள் வேலை. அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினான். சாக்குப்பையை லாக்கரில் வைத்துப் பூட்டினான். திரும்பும்போது மாலை ஐந்து. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த நட் தளர்ந்தே கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். கிடந்தால் அவன் ஜெயித்தான். ஒரு தடவையாவது.

ஷெட்டைத் திறந்தான். குனிந்தான்.

பச்சைக் கோடு. நேராக.

ரெஞ்ச் இல்லாமலும் சகலையால் முடிகிறது. வெறுங்கையால் முடிகிறது. அவன் விரல் நுனியால் அந்தக் கோட்டின் மேல் ஒரு முறை தடவிவிட்டு எழுந்தான். நட்டைத் திருகிப் பார்க்கவில்லை. பதினாறு வருஷப் பழக்கம். கோடு நேராக இருந்தால் கண் அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

உள்ளே மனைவி தலை வாரி, நல்ல துணி உடுத்தியிருந்தாள்.

"எங்க?"

"எங்கயா? நீங்கதான கிளம்பச் சொன்னீங்க. சாயங்காலம் ஒரு ரவுண்டு போலாம்னு."

"நான் எப்பச் சொன்னேன்?"

"மத்தியானம். ஷெட்டுலேர்ந்து கூப்பிட்டுச் சொன்னீங்களே." அவள் சிரித்தாள். "வெளையாடாதீங்க. மூஞ்சி கழுவிட்டு வாங்க."

அவன் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். யோசிக்க வேண்டும். குழாயைத் திறந்தான். முகத்தில் தண்ணீர் அடித்தான். சோப்பைத் தேய்த்துக் கண்ணை மூடினான். எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தலைவலி என்று சொல்லலாம். நாளைக்கே அந்த வண்டியை இரும்புக் கடையில் போட்டுவிடலாம்.

வெளியே அவள் குரல். "போலாமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். சோப்பு நுரை உள்ளே போனது.

ஷெட்டிலிருந்து பதில் வந்தது.

"ம்."

அவனுடைய "ம்". அவன் குரல். அவன் பொய் சொல்லும்போது வரும் அதே சின்ன இழுப்பு.

கண்ணைத் திறந்தான். எரிந்தது. கையில் இருந்த நுரையைப் பார்த்தான்.

நுரை பச்சையாக இருந்தது.

விரல் நுனி. கோட்டைத் தடவிய விரல். பெயிண்ட் காயவில்லை. அவன் கதவைத் திறப்பதற்குக் கொஞ்சம் முன்புதான் போட்டது. போட்டது. முடுக்கியதா?

எதை வைத்து?

ரெஞ்ச், ஸ்பேனரெல்லாம் லாக்கரில். வீட்டில் ஒரு குறடுகூட இல்லை. வெறும் கோடு. முடுக்காத நட்டின் மேல், நேரான, அழகான கோடு. அன்று சர்வீஸில் அவன் போட்டானே, அதே மாதிரி.

ஷெட் கதவு திறக்கும் சத்தம். கீல் கத்தவில்லை.

ஓடினான். வாசற்படியில் கால் வழுக்கியது. முழங்கால் தரையில் அடித்தது. எழுந்தான். ஷெட் காலி. அட்டையில் இரண்டு பள்ளம். சுவரில் சார்ஜர் ஒயர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வண்டிச் சாவி அவன் பாக்கெட்டில் தொடையைக் குத்தியது.

தெரு. சாயங்கால மஞ்சள் வெயில். மேட்டிலிருந்து மெயின் ரோட்டை நோக்கி நீளமாக இறங்கும் தெரு. எலக்ட்ரிக் வண்டிக்குச் சத்தம் கிடையாது. அதனால் கொஞ்ச நேரம் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

எதிர் வீட்டு டெய்லர் மெஷினிலிருந்து தலையை நீட்டினார். "யாருங்க அது, விருந்தாளியா? அம்மாவ ஜோரா கூட்டிட்டுப் போறாரு?"

அவர் காட்டிய பக்கம் திரும்பினான்.

இருபது அடி தூரத்தில், இறக்கத்தில், வண்டி போய்க்கொண்டிருந்தது. அவள் பின் சீட்டில் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் யாரும் இல்லை. சீட்டின் மெத்தை மட்டும் ஆழமாக அமுங்கியிருந்தது. ஹேண்டில் பார் நேராக நின்றது. ஆக்ஸிலரேட்டர் பிடி தானாகக் கொஞ்சம் திரும்பியது. கொஞ்சம் இன்னும்.

"இறங்கு!" என்று கத்தினான். "குதி! ஏய்! குதிச்சிடு!"

அவள் திரும்பவில்லை. இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, ஒன்றுமில்லாத காற்றைச் சுற்றி வளைத்து, ஒரு ஆணின் இடுப்பு அகலத்துக்குப் பூட்டிக்கிடந்தன. கன்னத்தைச் சாய்த்திருந்தாள். கன்னம் தட்டையாக அமுங்கியிருந்தது, ஒரு முதுகின் மேல் அழுந்தும்போது அமுங்குவது போல. கண்ணை மூடியிருந்தாள். அந்த முகத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை.

ஓடினான். ஓடிக்கொண்டே பார்த்தான். அவள் முழங்காலின் மேல் துணி மெல்ல அமுங்கியது. ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. ஐந்து. ஐந்து விரலின் பள்ளம். முன்னாலிருந்து பின்னால் நீண்டு வந்த ஒரு கை, பயப்படாதே என்று தட்டிக்கொடுப்பது போல, மெதுவாக எழுந்தது. மெதுவாகப் பதிந்தது.

அவன் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சக்கரத்தைப் பார்த்தபோது வண்டி இறக்கத்தின் பாதியைத் தாண்டியிருந்தது. முன்சக்கரம் இடமும் வலமுமாகத் தலையாட்டத் தொடங்கியிருந்தது. அவள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.